எட்டுக்கால் சிப்பின் சாவி

போன மழைக்காலத்தில் ஓர் இரவு என் மடிக்கணினி நின்றுபோனது. கீழே விழவில்லை, தண்ணீர் படவில்லை. ஃபர்ம்வேர் புதுப்பிப்பு வந்திருப்பதாகத் திரையில் ஓர் அறிவிப்பு. சரி என்று அழுத்தினேன். பட்டை பாதி தூரம் நகர்ந்தபோது மும்பை செம்பூரில் எங்கள் கட்டடத்தில் மின்சாரம் போயிற்று. தேய்ந்த பேட்டரி அரை நிமிஷம் தாங்கவில்லை. மறுபடி பொத்தானை அழுத்தினால் விளக்கு எரிகிறது, விசிறி சுற்றுகிறது, திரை மட்டும் கறுப்பு. தயாரிப்பாளரின் சேவை மையத்தில் மதர்போர்டை மாற்ற வேண்டும் என்றார்கள். கேட்ட தொகைக்கு இன்னொரு பழைய மடிக்கணினியே வாங்கிவிடலாம்.

தாராவி 90 அடி சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில் பழுதுபார்க்கும் கடை ஒன்று உண்டு. கடைக்காரப் பையன் திருநெல்வேலிக் குடும்பம், தாராவியிலேயே பிறந்து வளர்ந்தவன். அடிமூடியைக் கழற்றி, மீட்டரால் நாலு இடம் தொட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னான்: "போர்டு நல்லாத்தான் இருக்கு அண்ணாச்சி. உள்ள எழுதுனதுதான் பாதில நின்னுபோச்சு. பயாஸ் அடிச்சா எந்திரிச்சிரும்."

சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறிய ஒரு சிப், பக்கத்துக்கு நாலாக எட்டுக் கால்கள். துணிக்கிளிப் போன்ற ஒன்றை அதன்மேல் கவ்வவைத்தான். கிளிப்பின் கம்பி, யூஎஸ்பி துளையில் செருகும் ஒரு கறுப்புப் பலகைக்குப் போனது. சிஎச்341ஏ என்ற சிப்பை வைத்துச் செய்த அந்தப் புரோகிராமருக்குச் சில நூறு ரூபாய்தான் விலை. லேமிங்டன் சாலையில் எந்தக் கடையில் கேட்டாலும் கிடைக்கும். அரைமணியில் கணினி எழுந்து உட்கார்ந்தது. மாட்டுங்காவில் நாலு பேர் டிபன் சாப்பிடுகிற செலவுகூட ஆகவில்லை. சேவை மையத்தாரால் செய்ய முடியாத காரியம் அல்ல இது. அவர்களுக்கு அனுமதி இல்லாத காரியம். இந்தக் கட்டுரை அந்த அனுமதியைப் பற்றியது.

ஃபர்ம்வேருக்கு நம் கலைச்சொல் அகராதிகள் நிலைப்பொருள் என்று பேர் வைத்திருக்கின்றன. 1981-இல் ஐபிஎம் தன் முதல் பிசியை விற்றபோது அந்தப் பேர் கச்சிதமாகப் பொருந்தியது. கணினியை எழுப்பும் ஃபர்ம்வேரான பயாஸ் 8 கிலோபைட். தொழிற்சாலையிலேயே சிப்பில் பொறித்தது. மாற்ற வேண்டுமென்றால் சிப்பைப் பிடுங்கி வேறு சிப் வைக்க வேண்டும். இன்றைய மடிக்கணினியில் அதே வேலைக்கு 16 மெகாபைட் சிப் இருப்பது சாதாரணம். 2048 மடங்கு. அது ஃப்ளாஷ் நினைவகம், பல்லாயிரம் முறை அழித்து எழுதலாம். நிலையாக இல்லாத நிலைப்பொருள்.

அந்த முதல் 8 கிலோபைட்டைப் பற்றி இன்னொரு செய்தி உண்டு. அதன் மூலநிரல் முழுவதையும் ஐபிஎம் தன் தொழில்நுட்பக் கையேட்டில் அச்சிட்டே விற்றது. கையேட்டை வாங்கியவர் எவரும் வரி வரியாகப் படிக்கலாம். நகலெடுக்க மட்டும் கூடாது, பதிப்புரிமை ஐபிஎம்முடையது. அதனால் 1982-இல் காம்பேக் நிறுவனம் ஒரு குழுவைப் படிக்கவிட்டு, என்ன செய்கிறது என்று மட்டும் குறிப்பெழுதச் சொல்லி, அந்த நிரலைக் கண்ணாலேயே பார்க்காத இன்னொரு குழுவைக் கொண்டு புதிதாக எழுதவைத்தது. 1984-இல் ஃபீனிக்ஸ் நிறுவனமும் இதே வழியில் ஒரு பயாஸை எழுதி, கேட்டவர்க்கெல்லாம் விற்றது. அதிலிருந்துதான் ஐபிஎம் அல்லாத பிசி என்ற பெரும் சந்தை பிறந்தது. படிக்கக் கிடைப்பதும் பயன்படுத்த உரிமை இருப்பதும் வேறு வேறு என்பதை ஃபர்ம்வேரின் வரலாறு முதல் பக்கத்திலேயே சொல்லிவிட்டது.

இந்த வரலாற்றில் நம் பங்கும் உண்டு. 1985-இல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் சுப்ரமோனியன் சங்கர், பாட் சர்மா ஆகிய இருவர் தொடங்கிய அமெரிக்கன் மெகாட்ரெண்ட்ஸ் நிறுவனம், உலகின் மூன்று பெரிய பயாஸ் நிறுவனங்களில் ஒன்றாக வளர்ந்தது. தொண்ணூறுகளில் கணினியைப் போட்டதும் மூலையில் தெரிந்த ஏஎம்ஐ என்ற எழுத்துகள் அவர்களுடையவை. அதற்குச் சென்னையிலும் ஒரு பொறியியல் கூடம் உண்டு. உலகம் முழுக்கப் பல கோடி கணினிகள் கண் விழிக்கிற முதல் நொடியில் ஓடும் நிரலில் சென்னைக் கைகளும் பட்டிருக்கின்றன. அந்த நிரலைத் தாராவிப் பையன் படிக்க முடியாது என்பது எனக்கு வருத்தமான விஷயம்.

புதுப்பிப்பு எப்படி வந்து சேருகிறது என்று பார்த்தால் அந்த வருத்தத்தின் காரணம் புரியும். ஏஎம்ஐ போன்ற நிறுவனம் அடிப்படை நிரலைத் தருகிறது. செயலியைச் செய்த இன்டெல்லோ ஏஎம்டியோ, நினைவகத்தையும் செயலியையும் தயார்செய்யும் பகுதியை மூடிய பொதியாகத் தருகிறது. மடிக்கணினி நிறுவனம் இரண்டையும் சேர்த்துத் தன் பலகைக்கேற்பத் தைத்து, மேலே தன் ரகசியச் சாவியால் கையொப்பம் இடுகிறது. அந்தப் பொதிக்குக் கேப்சூல் என்று பேர். விண்டோஸ் அப்டேட் வழியாகவோ, லினக்ஸ் கணினிகளுக்கு 2015-இல் ரிச்சர்ட் ஹியூஸ் தொடங்கிய எல்விஎஃப்எஸ் சேவை வழியாகவோ அது நம் கணினிக்கு வருகிறது. மறுதொடக்கத்தின்போது பழைய ஃபர்ம்வேர் புதியதன் கையொப்பத்தைச் சரிபார்த்து, தொகுதி தொகுதியாகச் சிப்பை அழித்து எழுதுகிறது. எழுதும்போது மின்சாரம் போனால் என் வீட்டில் நடந்தது நடக்கும். சில பலகைகளில் இரண்டு பிரதிகள் வைத்து இதைத் தடுக்கிறார்கள். மலிவான கணினிகளில் அந்தச் செலவைப் பெரும்பாலும் செய்வதில்லை.

ஆக ஒரு பிழை திருத்தம் நம்மிடம் வர மூன்று நிறுவனங்கள் மனது வைக்க வேண்டும். ஒன்று விலகினாலும் அந்தக் கணினி அநாதை. 2018 ஜனவரியில் ஸ்பெக்டர், மெல்ட்டவுன் என்ற செயலிக் கோளாறுகள் வெளியானபோது இதைக் கண்ணால் பார்த்தோம். சில மாதங்களில் இன்டெல் ஒரு பட்டியல் வெளியிட்டது: பென்ரின், வுல்ஃப்டேல், புளூம்ஃபீல்டு முதலிய பழைய செயலிக் குடும்பங்களுக்குத் திருத்தம் வராது. அமெரிக்க அலுவலகத்தில் அவை கழித்துக்கட்டப்பட்டிருக்கலாம். மும்பையில் அப்படி இல்லை. அலுவலகங்கள் மூன்று நான்கு ஆண்டில் கழிக்கும் கணினி இங்கே இரண்டாம் பிறவி எடுக்கிறது: மாட்டுங்காவில் ஒரு கணக்காளருக்கு, பிறகு சயானில் ஒரு டியூஷன் வகுப்புக்கு, கடைசியில் தாராவியில் பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கு. அது நிஜமாகவே செத்தால்தான் உறையின் பிளாஸ்டிக் தாராவியின் பதிமூன்றாம் காம்பவுண்டின் அரவை எந்திரங்களுக்குப் போகும். தயாரிப்பாளரின் நாட்காட்டியும் இந்த நகரத்தின் நாட்காட்டியும் ஒன்றல்ல.

அடுத்த நெருக்கடியும் வரிசையில் நிற்கிறது. செக்யூர் பூட் என்ற பாதுகாப்பு ஏற்பாடு, கணினி எழும்போது எந்த நிரலை நம்பலாம் என்று முடிவுசெய்ய மைக்ரோசாஃப்டின் 2011-ஆம் ஆண்டுச் சான்றிதழ்களை நம்பியிருக்கிறது. அவை 2026 ஜூன் முதல் காலாவதியாகத் தொடங்குகின்றன. கணினி அன்று நின்றுவிடாது. ஆனால் புதிய சான்றிதழ் ஏறாத கணினிக்குத் தொடக்கப் பகுதியின் பாதுகாப்புத் திருத்தங்கள் இனி வந்து சேரா. சில கணினிகளில் அந்தச் சான்றிதழ் ஏற வேண்டுமானால் முதலில் தயாரிப்பாளர் ஃபர்ம்வேரைப் புதுப்பிக்க வேண்டும். மூன்று கை மாறிய கணினிக்கு அதைச் செய்ய எந்தத் தயாரிப்பாளர் முன்வருவார்?

முன்வராத இடத்தில்தான் கிளிப் வேலை செய்கிறது. பழுதுபார்ப்பவர்களிடையே ஃபர்ம்வேர் ஏற்கெனவே கைமாறிக்கொண்டிருக்கிறது, பின் ஃபைல் என்ற பேரில். நல்ல கணினி ஒன்று மேசைக்கு வந்தால் சிப்பிலிருப்பதை அப்படியே இறக்கி, மாடல் பேரும் பலகை எண்ணும் போட்டு ஒரு கோப்புறையில் வைத்துக்கொள்வார்கள். அதே பலகையுள்ள செத்த கணினி வரும்போது எடுத்து ஏற்றுவார்கள். இதற்கு உரிமம் கிடையாது, ஆவணம் கிடையாது, தொழில் மட்டும் நடக்கிறது. ஆபத்தும் இருக்கிறது. கணினியின் வரிசை எண், பிணைய (மேக்) முகவரி, விண்டோஸ் உரிமச் சாவி எல்லாம் அதே சிப்பில்தான் பெரும்பாலும் இருக்கும். அடுத்தவர் கோப்பை அப்படியே ஏற்றினால் அடுத்தவர் அடையாளமும் சேர்ந்து ஏறிவிடும். அந்தக் கோப்பில் யாராவது வேண்டாத எதையாவது ஒளித்துவைத்திருந்தால் கண்டுபிடிக்க வழியில்லை.

அதைவிட நுணுக்கமான சிக்கல் இன்டெல்லின் மேனேஜ்மென்ட் எஞ்சின். செயலிக்குப் பக்கத்தில் தனியாக ஓடும் இந்தக் குட்டிக் கணினியின் நிரலும் அதே சிப்பில் ஒரு பகுதியாகக் கிடக்கிறது. அது கெட்டிருந்தால் பல மடிக்கணினிகள் சரியாக முப்பது நிமிஷத்தில் தானாக அணைந்துவிடும். கடைக்காரர்கள் இதை அனுபவத்தில் கற்றவர்கள்: முப்பது நிமிஷம் ஓடவிட்டுப் பார்த்த பிறகுதான் வாடிக்கையாளரிடம் கொடுப்பார்கள். அந்த எஞ்சினுக்குள் ஓடுவது மினிக்ஸ் என்ற இயங்குதளத்தின் ஒரு வடிவம் என்று 2017-இல் தெரியவந்தபோது, மினிக்ஸை எழுதிய பேராசிரியர் டானன்பாமே வியந்து திறந்த கடிதம் எழுதினார். அதே ஆண்டு ரஷ்ய ஆய்வாளர்கள் அந்த எஞ்சினை முடக்கிவைக்கும் மறைவான ஒரு பிட்டைக் கண்டுபிடித்தார்கள். அமெரிக்க அரசின் உயர்பாதுகாப்புத் திட்டம் ஒன்றுக்காக வைத்தது அது என்று இன்டெல் ஒப்புக்கொண்டது. அந்த அரசுக்குத் தன் கணினிகளில் அணைக்கும் விசை உண்டு. அதே கணினியைக் காசு கொடுத்து வாங்கிய நமக்கு அது சொல்லப்படக்கூட இல்லை. மூடிய ஃபர்ம்வேர் பாதுகாப்பானது என்று சொல்பவர்களிடம் நான் முதலில் கேட்பது இதைத்தான்: யாருக்குப் பாதுகாப்பு?

இதே மும்பையில், இதே போன்ற கிளிப்பை ஒட்டி ஒரு பெரிய வழக்கும் நடந்திருக்கிறது. 2010-இல் ஹைதராபாத் பொறியாளர் ஹரி பிரசாத், அமெரிக்கப் பேராசிரியர் அலெக்ஸ் ஹால்டர்மன், நெதர்லாந்தின் ராப் கோங்கிரைப் ஆகியோர் இந்திய மின்னணு வாக்குப்பதிவு எந்திரம் ஒன்றைப் பிரித்து ஆராய்ந்து, அதன் பலவீனங்களை வெளியிட்டார்கள். அவர்கள் காட்டிய இரண்டு தாக்குதல்களில் ஒன்று, சட்டைப்பைக்குள் அடங்கும் கருவி ஒன்றை நினைவகச் சிப்பில் கவ்வவைத்து, பதிவான வாக்குகளை மாற்றி எழுதுவது. அந்த எந்திரம் மும்பையில் அரசுக் கிடங்கிலிருந்து திருடப்பட்டது என்று வழக்குப் பதிவாகி, அந்த ஆகஸ்டில் மும்பைப் போலீசார் ஹைதராபாத் போய் ஹரி பிரசாதைக் கைது செய்து இங்கே கொண்டுவந்தார்கள். சில நாளில் ஜாமீன் கிடைத்தது. எந்திரங்களை யாரும் தொட முடியாதபடி முத்திரையும் காவலும் இருப்பதால் இத்தகைய தாக்குதல் நடைமுறையில் சாத்தியமில்லை என்பது தேர்தல் ஆணையத்தின் நிலை. தேர்தல்கள் அப்படித் திருடப்பட்டன என்று அந்த ஆய்வும் சொல்லவில்லை.

எனக்கு அக்கறை அந்த ஃபர்ம்வேரின் குணத்தில். தமிழ் வாசகர்களுக்கு இந்த எந்திரம் அந்நியம் அல்ல. பெங்களூர் பாரத் எலக்ட்ரானிக்ஸில் அதன் உருவாக்கத்தில் முக்கியப் பங்காற்றிய எஸ். ரங்கராஜன்தான் நம் எழுத்தாளர் சுஜாதா. மடிக்கணினிக்கு நேர் எதிரான தத்துவத்தில் செய்தது அது. ஒருமுறை எழுதினால் அவ்வளவுதான், புதுப்பிப்பு என்பதே கிடையாது. எழுத்தின் அர்த்தப்படி அசல் நிலைப்பொருள். பிணையத்தில் சேராத எந்திரத்துக்கு அது நல்ல முடிவு என்றே நினைக்கிறேன். வெளியிலிருந்து யாரும் புது நிரல் ஏற்ற முடியாது. ஆனால் அந்த 2010 ஆய்வு சுட்டிய ஒரு விஷயம் உறுத்துகிறது: சிப்பில் எழுதிய நிரலைத் திரும்பப் படித்துப் பார்க்கவும் முடியாதபடி அது வடிவமைக்கப்பட்டிருந்தது. திருடனுக்கு எதிரான அந்தப் பூட்டு தணிக்கையாளரையும் வெளியே நிறுத்திவிடுகிறது.

எந்திரத்தின் மூலநிரலைத் தணிக்கை செய்யக் கோரிய மனுவை உச்ச நீதிமன்றம் 2023 செப்டம்பரில் தள்ளுபடி செய்தது. 2024 ஏப்ரல் 26 அன்று நீதிபதிகள் சஞ்சீவ் கன்னா, தீபாங்கர் தத்தா அமர்வு ஒரு படி முன்னே வந்தது. இரண்டாம், மூன்றாம் இடம் பெற்ற வேட்பாளர் ஏழு நாளுக்குள் கேட்டால், ஒவ்வொரு சட்டமன்றத் தொகுதிப் பகுதியிலும் 5 விழுக்காடு எந்திரங்களின் பொறிக்கப்பட்ட நினைவகத்தைத் தயாரிப்பாளரின் பொறியாளர்கள் சரிபார்க்க வேண்டும். அதன்பின் ஆணையம் முதலில் வகுத்த நடைமுறை, 1400 வாக்குகள்வரை மாதிரியாகப் போட்டுப் பார்ப்பது. எந்திரம் சரியாகக் கூட்டுகிறது என்பதை அது காட்டும். உள்ளே இருக்கும் நிரல் எழுதித் தந்த அதே நிரல்தானா என்ற கேள்விக்கு அது பதில் அல்ல. வாக்காளர் பார்க்கும் விவிபாட் சீட்டு இருப்பதால் நிலைமை 2010-ஐவிட மேலானது. சீட்டு இருப்பது நிரலைத் திறந்துகாட்டாமல் இருக்கக் காரணமாகாது என்பது என் கருத்து.

இதே அரசு வேறோர் இடத்தில் வேறு மாதிரிப் பேசுகிறது. கண்காணிப்பு கேமராக்களுக்கு 2025 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த விதிகளின்படி, தயாரிப்பாளர்கள் வன்பொருள், மென்பொருளோடு மூலநிரலையும் அரசு ஆய்வகச் சோதனைக்குத் தர வேண்டும். மூடிய ஃபர்ம்வேரை நம்ப முடியாது என்பதை அரசே ஏற்றுக்கொண்டதன் அடையாளம் இது. படித்துப் பார்ப்பவர் ஆய்வக அதிகாரி மட்டும் என்பதுதான் குறை.

திறந்துவிட்டால் திருடனுக்கு வழிகாட்டியதாகாதா என்ற கேள்வியைத் தட்டிக்கழிக்க மாட்டேன். 2024 ஜனவரியில் பிக்ஸிஃபெயில் என்ற பேரில் வெளியான ஒன்பது ஓட்டைகள் திறந்த மூல ஃபர்ம்வேரான ஈடிகே-டூவில்தான் இருந்தன. திறந்திருப்பதால் மட்டும் யாரும் படித்துவிடுவதில்லை. ஆனால் மூடியதன் கணக்கு இன்னும் மோசம். அதே ஆண்டு ஜூலையில் பைனார்லி நிறுவனம் வெளியிட்ட பிகேஃபெயில் என்ன? ஏஎம்ஐ மாதிரிக்காகத் தந்த ஒரு சோதனைச் சாவியை, 'நம்பாதே' என்று அதன் பேரிலேயே எழுதியிருந்தும், பல கணினி நிறுவனங்கள் மாற்றாமலே விற்றுவந்தன. அதன் ரகசியப் பாதியும் இணையத்தில் கசிந்திருந்தது. பலர் கண் பட்டிருந்தால் அந்த எச்சரிக்கை இத்தனை ஆண்டு யாரும் கவனிக்காமல் கிடந்திருக்குமா?

இன்னொரு ஆட்சேபம் இந்தத் தெருவிலிருந்தே வருகிறது, அதை நான் மதிக்கிறேன். திருட்டு மடிக்கணினியின் பயாஸ் பாஸ்வேர்டை அழிப்பதும் இதே கிளிப்தான். அதற்காகத்தான் பூட்டு என்கிறார்கள் தயாரிப்பாளர்கள். இன்டெல் 2013 வாக்கில் கொண்டுவந்த பூட் கார்டு, தயாரிப்பாளரின் சாவியைத் தொழிற்சாலையிலேயே சிப்செட்டில் எரித்துவிடுகிறது. அதன்பின் அவர் கையொப்பம் இல்லாத எந்த ஃபர்ம்வேரும் அந்தப் பலகையில் ஓடாது, உரிமையாளரே எழுதினாலும். 2023-இல் எம்எஸ்ஐ நிறுவனத்தின் கணினிகளுக்குள் புகுந்தவர்கள் அத்தகைய சாவிகளையே கசியவிட்டார்கள். எரித்த சாவியை மாற்றவும் வழியில்லை.

இதைவிட எனக்குப் பிடித்தது ஒரு திருகாணி. 1999-இல் லாஸ் அலமாஸ் ஆய்வகத்தில் ரான் மின்னிக், நூற்றுக்கணக்கான கணினிகளை ஒன்றாக இணைத்து ஓட்டுவதற்காக லினக்ஸ்பயாஸ் என்ற திறந்த ஃபர்ம்வேரைத் தொடங்கினார். அடுக்கடுக்கான கணினிகளில் ஒவ்வொன்றின் பயாஸும் விசைப்பலகை இல்லையே என்று நின்றால் வேலை ஆகுமா? செம்பூருக்கு அடுத்த டிராம்பேயில் 1991 முதல் அனுபம் இணைகணினிகளைக் கட்டிய பாபா அணு ஆராய்ச்சி மையத்தாருக்கும் அந்த எரிச்சல் புரிந்திருக்கும். 2008-இல் அது கோர்பூட் என்று பேர் மாறியது. கூகுளின் குரோம்புக்குகள் ஓடுவது அதில்தான். பழைய குரோம்புக்குகளில் ஃபர்ம்வேர்ச் சிப்பைக் காத்தது உள்ளே இருந்த ஒரு திருகாணி. அது இருக்கும்வரை வைரஸோ இணையத்திலிருந்து வருபவனோ சிப்பின் காப்புப் பகுதியில் எழுத முடியாது. கணினியைத் திறந்து திருகாணியைக் கழற்றும் உரிமையாளர் எழுதலாம். திருடனும் கழற்றலாம்தான். அதற்காக ஒரு நகரத்தின் பழுதுபார்ப்புத் தொழிலையே பூட்டுவது சரியான விலையா என்று யோசிக்க வேண்டும்.

கோர்பூட்டும் முழுத் திறப்பு அல்ல. இன்டெல், ஏஎம்டி தரும் மூடிய பொதிகள் அதற்குள்ளும் இருக்கின்றன. அடித்தளத்திலிருந்தே திறந்த முயற்சி நம் பக்கம் நடக்கிறது. சென்னை ஐஐடியில் வி. காமகோடி தலைமையில் உருவான சக்தி செயலியின் வடிவமைப்பே திறந்த உரிமத்தில் வெளியானது. 2018-இல் அது சிப்பாக ஓடியது. 2025-இல் இஸ்ரோவுடன் சேர்ந்து விண்வெளிப் பயன்பாட்டுக்கான ஐரிஸ் சிப் சண்டிகர் ஆலையில் உருவானது. செயலியே திறந்திருந்தால் அதை எழுப்பும் நிரலை மூடிவைக்கக் காரணம் இல்லை. மடிக்கணினிக்கு அது வர நாளாகும். அதுவரை சட்டத்தால் கேட்கக்கூடியது ஒன்று உண்டு. 2022-இல் ஒன்றிய அரசு பழுதுபார்க்கும் உரிமைக்காகக் குழு அமைத்து, இணையதளமும் தொடங்கியது. அங்கே உதிரிபாகமும் கையேடும் பேசப்படுகின்றன. ஒரு மாடலுக்குப் புதுப்பிப்பை நிறுத்தும் அன்றே அதன் மூலநிரலையும், புது ஃபர்ம்வேர் ஏற்ற உரிமையாளருக்கு வேண்டிய வழியையும் வெளியிட வேண்டும் என்பது அந்தப் பட்டியலில் ஏற வேண்டும். கைவிட்ட பொருளின் ரகசியத்தைக் காப்பதில் எந்த வியாபார நியாயமும் எனக்குத் தெரியவில்லை.

அன்று கடையில் எழுதி முடித்ததும் பையன் திரையில் வெரிஃபை என்ற பொத்தானை அழுத்தினான். சிப்பிலிருப்பதைத் திரும்பப் படித்து, கோப்போடு பைட் பைட்டாக ஒப்பிடும் வேலை. பச்சைப் பட்டை நிறைந்தது: பொருந்துகிறது. "கோப்பு சரியான கோப்புதானா, எப்படித் தெரியும்?" என்று கேட்டேன். "போன மாசம் இதே போர்டுல இதைத்தான் அடிச்சேன் அண்ணாச்சி, இன்னும் ஓடுது" என்றான். பிறகு அணைந்துவிடாமல் இருக்கிறதா என்று பார்க்க அரைமணி ஓடவிட்டான். அதற்குள் அடுத்த கணினியின் அடிமூடியைக் கழற்றத் தொடங்கியிருந்தான்.